ஏழாம் எண் பூரணி

அத்தியாயம் ஒன்பது

பூரணிக்குக் காது முளைத்திருந்தது.

சுடர்விழி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இடது காது. ஓரமெல்லாம் வழவழவென்று, வெற்றிலை மாதிரி முழுசாக இருந்தது. அப்படி இருக்க நியாயமே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் முள்வேலியில் மாட்டிக்கொண்டு ஒரு துண்டு பிய்ந்து போன காது அது. ரத்தம் வழிய வழிய மஞ்சள் வைத்துக் கட்டியவளே இவள்தான்.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. பசு தலையை உதறிவிட்டு இவளை ஒரு மாதிரி பார்த்தது.

நெல்லித்தோப்புச் சந்துக்குள் தை மாசத்துப் பனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடி தெரியவில்லை. பால்காரர்களின் சைக்கிள் மணி எங்கிருந்தோ கேட்டது, சைக்கிளைக் காணோம். உடம்பு நேற்று ராத்திரி இங்கே வந்துவிட்டது, தூக்கம் இன்னும் பிரான்சில் இருந்து கிளம்பவில்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவளுக்கு எது கனவு, எது மாட்டுக் கொட்டாய் என்று பிடிபடவே இல்லை. காது வளருமா? மாட்டின் மரபணுவிலேயே பதினோரு வருஷம் குடியிருந்தவள் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்றால் பாருங்களேன்.

அவள் எதற்காக வந்தாள் என்பது விடாமல் படித்தவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு வாரம் கோட்டை விட்டவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் வேலை. துறை, விலங்குகளின் செயல்சார் மரபணுவியல். மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்றைக்குப் பத்தரை மணிக்கு இவள் முறை. கணவன் இளம்பரிதியும் மகள் இனியாவும் பிரான்சில் காத்திருக்கிறார்கள். "இந்த ஒரு தடவைதான். கிடைக்கலேன்னா இங்கயே வீடு வாங்கிடுவோம், அப்புறம் ஊரு ஊருன்னு பேசக் கூடாது," என்று இளம்பரிதி சொல்ல, இவளும் சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

அம்மா கமலவேணி மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். செம்புக்குள் பால் சர் சர்ரென்று விழுந்தது.

"எம்மா, பூரணிக்குக் காது எப்பிடி சரியாச்சு?"

சர் சர் நின்றது.

"எந்தக் காது?"

"இடது காது. கிழிஞ்சிருந்துச்சே."

"பனியில நிக்காத, உள்ள போ. இன்னைக்கு அத்தன பேரு முன்னாடி பேசணும்ல, தொண்ட கட்டிக்கும்."

அம்மாவின் முழங்கை மடிப்பில் ஒரு சின்ன வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "இது இன்னாம்மா?" என்றாள் சுடர்விழி. "கொசு கடிச்சிது, சொறிஞ்சிட்டேன்," என்று அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்த சுடர்விழியின் கண் அந்தப் பிளாஸ்திரியிலேயே நின்றிருக்க வேண்டும். அவள் புத்தி முழுக்கக் காதில் இருந்தது, என்ன செய்ய!

வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அண்ணன் நெடுமாறன் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். மனசில் எதுவும் தங்காது.

"இது நாலாவது பூரணி பாப்பா. உனக்குத் தெரியாதா?"

"டேய்!" என்றாள் கமலவேணி.

அவ்வளவுதான். பூட்டு விழுந்துவிட்டது, ஆனால் ரகசியம் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது.

அந்த வீட்டு வழக்கம் சுடர்விழிக்குத் தெரியாததில்லை. வேலை பார்த்த மில் மூடின வருஷம் அப்பா முதல் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து பூரணி என்று பேர் வைத்தார். அது போனதும் வந்த இரண்டாவதும் பூரணி, அப்புறம் மூன்றாவதும் பூரணி. அப்பா போன பிறகும் அம்மா அதை மாற்றவில்லை. காது கிழிந்தது மூன்றாவது. அதுதான் இன்னும் கொட்டாயில் நிற்கிறது என்று இவள் அங்கே நம்பிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது எப்பம்மா போச்சு?"

"அது ஆவுது மூணு வருசம்," அம்மா செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாசி கடைசி. வவுறு உப்பிக்கிச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள சாஞ்சிடுச்சு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"அப்ப இனியாவுக்குக் காய்ச்சல்னு நீ ஆஸ்பத்திரியில கெடந்த. அதுல மாடு செத்துப் போச்சின்னு வேற சொல்லணுமா? சொன்னா நீ அங்க தனியா ஒக்காந்து அழுவ."

"வாரா வாரம் வீடியோவுல காட்டினீங்களே!"

"நான்தான் எப்பவும் வலப்பக்கமா நின்னு, இடது காது தெரியாம காட்டுவேன்," என்றான் நெடுமாறன், கொஞ்சம் பெருமையாகவே. "அதே செவலை நெறமா பாத்துப் பாத்து வாங்கியாந்தோம் பாப்பா."

சுடர்விழிக்கு அழுகை வந்தது. செத்துப்போன மாட்டுக்கு மூன்று வருஷம் கழித்து அழுதாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தலையைத் தடவினாள். அந்த அழுகை பாதியில் நின்றுபோனது.

மாசி கடைசி.

"அண்ணா, எனக்குப் பால் புடிச்சி அனுப்பினது எப்பெப்ப?"

"தை மாசம் ஒரு தடவ. அப்புறம் கத்திரி வெயில்ல ஒரு தடவ. மாடு செத்த அதே வருசந்தான். ஐஸ் பொட்டியில வெச்சி நாந்தான கூரியர்ல கொண்டுபோயிக் குடுத்தேன்."

"குழாய் மேல இன்னா எழுதின?"

"நீ இன்னா எழுதச் சொன்ன? மாட்டுப் பேரு, தேதி. பூரணின்னு எழுதினேன். ரெண்டு தடவயும்."

கமலவேணி மளிகைக் கடையில் நின்று, "எம்பொண்ணு மாட்டுக்கு ஜோசியம் பாக்குறா," என்று சொல்லுவாள். உண்மையில் வேலை எளிது. ஒரு மாட்டின் உடம்பில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்யாது. குளிரில் எது விழிக்கிறது, கத்திரி வெயிலில் எது விழிக்கிறது என்று பாலில் இருக்கும் உயிரணுக்களை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. நெல்லித்தோப்பையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மாடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை. பன்னிரண்டில் ஏழாம் எண், பூரணி.

வெயில் வந்ததும் அந்த ஏழாம் எண்ணில் ஒரு மரபணு மற்ற மாடுகளைப் போல் பத்து மடங்கு விழித்தெழுந்தது. வெயிலைத் தாங்கும் மாட்டின் ரகசியம் இதுதான் என்று சுடர்விழி எழுதினாள். இன்றைக்குக் காட்டப்போகும் படங்களில் பாதி அதைச் சுற்றித்தான்.

தையில் பால் கொடுத்தது ஒரு பூரணி. கத்திரியில் பால் கொடுத்தது இன்னொரு பூரணி.

ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு குழாயும் ஒரே மாட்டினுடையதா என்று சரிபார்க்கும் வேலையை அவள் அப்போதே செய்திருந்தாள். பதினொன்றுக்குப் பச்சை. ஏழுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அவளே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: "மாதிரியின் தரம் குறைவு. மாடு சரிதான். எங்கள் வீட்டு மாடு."

எங்கள் வீட்டு மாடு! யார் மாட்டை நம்பாவிட்டாலும் தன் வீட்டு மாட்டை நம்பாமல் இருப்பாளா? கணினி சிவப்பாகக் கத்தியும் கேட்கவில்லை. அந்தக் குறிப்பைப் படித்தபோது அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது.

ஏழாம் எண்ணைக் கழற்றிவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். ரகசிய மரபணு பட்டியலிலேயே இல்லை. சாதாரணமாக இரண்டு மரபணுக்கள் மிச்சம் நின்றன, யாரும் கைதட்ட மாட்டார்கள்.

கைப்பேசியில் இளம்பரிதி தூங்கப் போகுமுன் அனுப்பிய செய்தி இருந்தது. "நல்லாப் பண்ணு. தோத்தா அழக் கூடாது, நம்ம பேச்சு ஞாபகம் இருக்கட்டும்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு மாட்டுக்காவ வேலைய வுட்டுடுவியா?" அம்மா இட்லித் தட்டை நீட்டினாள். "செத்ததும் பூரணி, இருக்கறதும் பூரணி. எவன் வந்து கேக்கப் போறான்?"

சுடர்விழி மடிக்கணினியை மூடிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனது. பனி இன்னும் விலகவில்லை. கடல் இருக்கும் பக்கம் ஒரே வெள்ளை. பிள்ளைச்சாவடி தாண்டும்போது படகுகள் மணலில் நிற்பது போலவும் இருந்தது, வானத்தில் நிற்பது போலவும் இருந்தது. வலை உதறும் பெண்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். சுடர்விழிக்கு ஒரு நிமிஷம் கண் சொருகியது. காது கிழிந்த பூரணி தண்ணீர் ஓரமாக நடந்து போயிற்று. நுரை அதன் கால் மேல் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தது, இவளைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"பாப்பா, தூங்கிட்டியா?" நெடுமாறன் கண்ணாடியில் பார்த்தான். "நான் சொல்றத கேளு. அதச் சொல்லாத. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதேண்ணா."

"உனக்கு மட்டுந்தான?"

"மூணு வருசமா உங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு. இன்னாச்சு பாரு."

பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடும்போது நெடுமாறன், "இன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஆட்டோ உனக்குத்தான். நாளைக்குப் பத்து மணிக்கு மட்டும் கோரிமேட்டு சவாரி ஒண்ணு," என்றான். அவள் தலையாட்டினாள், காதில் வாங்கவில்லை.

அரங்கத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் தேர்வுக் குழுத் தலைவி பேராசிரியர் அந்துவானெத். அறுபது வயதை ஒட்டியவர், பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம், ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. ஊரே மதாம் என்றுதான் கூப்பிடும். மடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, கையில் நாலாய் மடித்த காகிதம். பக்கத்தில் பேராசிரியர் தமிழ்மாறன். எந்தப் பேச்சுக்கும் தலையசைக்காத மனுஷர்.

அவள் இங்கிலீஷில் பேசியதை நாம் தமிழிலேயே சொல்லிக்கொள்வோம்.

முதல் பத்து நிமிஷம் நன்றாகப் போனது. குரல் யாருடையதோ போல் தூரத்தில் கேட்டது. ஏசி இரைச்சல் கடல் மாதிரி இருந்தது. அப்புறம் ஏழாம் எண்ணின் படம் திரையில் வந்தது. மற்ற பதினொரு புள்ளிகளும் கீழே கூட்டமாக நிற்க, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி உச்சியில். பின்வரிசையில் யாரோ "அடடா" என்றார்கள்.

அந்த "அடடா"வோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுதுகிற என் கை கூட ஒரு நிமிஷம் தயங்குகிறது.

"இந்தப் புள்ளியை மறந்துடுங்க," என்றாள் சுடர்விழி. "இது தப்பு. இன்னைக்குக் காலையில அஞ்சரை மணிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

எல்லாவற்றையும் சொன்னாள். காதைச் சொன்னாள், மாசிக் கடைசியைச் சொன்னாள், சிவப்புக்குப் பக்கத்தில் தான் எழுதிய குறிப்பைத் திரையிலேயே காட்டினாள். வீடியோவில் வலப்பக்கம் காட்டிய கதைக்கு அரங்கமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. முதல் வரிசையில் அந்துவானெத் கையிலிருந்த காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடியதை அவள் பார்த்தாள். ஆர்வம் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தமிழ்மாறன் மைக்கை வாங்கினார். "உங்க கண்டுபிடிப்பே போயிடுச்சு. அப்ப உங்களை நாங்க எதுக்கு எடுக்கணும்?"

இளம்பரிதி பார்த்து வைத்திருக்கும் வீடு, அதன் சாம்பல் நிறச் சுவர்கள், ஜன்னலுக்கு வெளியே பெயர் தெரியாத மரம், எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

"காரணம் கொறஞ்சிடுச்சு சார், ஒத்துக்கறேன். ரெண்டு மரபணு மிச்சம் இருக்கு, சின்னது, ஆனா நிக்குது." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "இன்னொண்ணு சொல்றேன். இந்த ஊருல பேரு மாட்டுக்கு வெக்கிறதில்ல, கொட்டாய்க்கு வெக்கிறது. எங்க வீட்டுல மட்டும் இல்ல, எங்க தெருவுல நாலு வீட்டுல அப்பிடித்தான். அதோட, வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்ட கெட்ட சேதி சொல்ல மாட்டாங்க. நான் அங்கேர்ந்தே வேலை செஞ்சா இந்தத் தப்பு மறுபடி நடக்கும். இங்க வந்து, ஒவ்வொரு மாட்டுக்கும் காதுல எண் வில்லை மாட்டி, பால் பிடிக்கும்போது பக்கத்துல நின்னாத்தான் நடக்காது. அதுக்குத்தான் சார் இந்த வேலையக் கேக்கறேன்."

தமிழ்மாறன் தலையசைக்கவில்லை. ஆனால் ஏதோ எழுதிக்கொண்டார்.

எல்லோரும் காபிக்குப் போன பிறகு வராந்தாவில் அந்துவானெத் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து காகிதத்தைப் பிரித்தார். பன்னிரண்டு எண்கள். ஏழைச் சுற்றி ஒரு பேனா வட்டம்.

"நீங்க அனுப்பின தரவை நானும் சரிபார்த்தேன் சுடர்விழி. ஏழுல ரெண்டு குழாயும் ஒரே மாடுதானான்னு ரெண்டு நாளா ஒரு கேள்வி எங்கூடவே இருந்துச்சு. கடைசியாக் கேக்கணும்னு வெச்சிருந்தேன்."

சுடர்விழி காகிதத்தை வாங்கி அந்த வட்டத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அந்த முப்பது பேர் முன்னால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"போன்," என்றார் மதாம், பிரெஞ்சில் 'சரி' என்று பேச்சை முடிக்கிற தோரணையில். "வேலை கிடைச்சாச்சுன்னு நெனச்சிடாதீங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். நாளைக்கு மத்தியானம் லியோன்லேருந்து வர்ற அத்ரியான் பேசறார், அவர் நல்ல ஆளு. அதுக்கு முன்னாடி, காலையில சரியாப் பத்து மணிக்குக் குழு உங்களுக்காக ஒரு மணி நேரம் உக்காரும். ஏழாம் எண் இல்லாம, அஞ்சு வருஷத்துக்கு என்ன செய்வீங்கன்னு சொல்லணும். நீங்க வரலேன்னா உங்க பேரு பட்டியல்ல இருக்காது. குழுவுல இருக்கற வெளியாளுங்க ரெண்டு பேரு நாளைக்குச் சாயந்தரமே கெளம்பறாங்க, அதனால நேரத்தை மாத்த முடியாது."

வெளியே பனி விலகி வெயில் அடித்தது. திரும்புகிற வழியெல்லாம் சுடர்விழி சிரித்துக்கொண்டே வந்தாள். பிள்ளைச்சாவடியில் இப்போது கடல் தெரிந்தது, நீலமாக, கண்ணைக் கூசும்படி. நெடுமாறனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் "அப்பிடியா பாப்பா, அப்பிடியா பாப்பா" என்றானே தவிர, நாளைக்குப் பத்து மணி என்றதும் ஆட்டோ கொஞ்சம் தடுமாறியதை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கமலவேணி வாசலிலேயே நின்றிருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை போலிருக்கிறது, முகம் வாடிக் கிடந்தது.

"என்னால போச்சா சுடரு?"

"போவல எம்மா. பாதி வந்துடுச்சு." அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாட்டு வாசனையும் பால் வாசனையும் அடித்தது. அம்மா ஒரு பிடிக்குள் அடங்கினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது இப்படி அடங்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்து, தூக்கக் கலக்கத்தில் கரைந்து போனது. நாலாவது பூரணி இரண்டு முழுக் காதையும் ஆட்டிக்கொண்டு வைக்கோலை இழுத்தது. சுடர்விழி அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டாள். இனிமேல் இதுவும் இவளுக்குத் தெரிந்த மாடு.

"அண்ணா, நாளைக்கும் நீதான் எறக்கி வுடணும். ஒம்போது மணிக்கே கெளம்பிடலாம்."

நெடுமாறன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"நாளைக்குக் கோரிமேட்டு சவாரி இருக்கு பாப்பா. காலையிலயே சொன்னேனே."

"அத வேற வண்டிக்கு மாத்தி வுடு."

"மாத்த முடியாது."

"ஏன், யாரு அந்த சவாரி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். கமலவேணி முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள்.

கோரிமேடு. பெரியாஸ்பத்திரி இருக்கிற இடம். காலையிலிருந்து இவளைச் சுற்றியிருந்த தூக்கம் அந்த நிமிஷம் கலைந்தது.

அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். பிளாஸ்திரிக்கு மேலே, கீழே, நீலம் கட்டிய பழைய ஊசித் தடங்கள் ஐந்தாறு இருந்தன. எது எத்தனை வாரம் ஆனது என்று பார்த்ததும் சொல்லக்கூடிய கண் அவளுக்கு. எல்லாவற்றிலும் பழையது மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரமும் வீடியோவில் அம்மா சிரித்த முகமாகத்தான் வந்தாள்.

"எத்தினி தடவ ரத்தம் எடுத்தாங்கம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சுடரு. நாளைக்கு முடிவு சொல்றேன்னாங்க. நீ போயிப் பேசிட்டு வா, அவன் என்னைக் கூட்டிக்கினு போவான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அங்க தனியா ஒக்காந்து..."

"எம்மா." சுடர்விழி அப்படியே கொட்டாய்த் தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நான் இப்ப இங்கதான இருக்கேன். சொல்லு."